ஆராய்வோரும் ஆராயப்படுவோரும்
அமெரிக்கப் பொதுக்கொள்கை ஆராய்ச்சி எழுப்பும் ஓர் அறவியல் வினா

1

கல்லின் இயல்பை ஆராய்பவன் கல்லுக்கு எவ்வித விடையும் கூறக் கடமைப்பட்டவன் அல்லன். தாவரமொன்றை அறுத்து நுணுக்குக்காட்டியின் கீழ் வைப்பவனும் அத்தாவரத்திடம் அனுமதி வேண்டுவதில்லை. மனிதரையும் மனிதக் குழுக்களையும் ஆராயப் புகுவோனின் நிலை இதனின்று வேறுபட்டது. அவனால் ஆராயப்படுவோர் அவனைப் போலவே சிந்திப்பர், துன்புறுவர், தம்மைப் பற்றி எழுதப்பட்டதை ஒருநாள் வாசிக்கவும் கூடும். இவ்வேறுபாடு சமூக விஞ்ஞானங்கள் யாவற்றுக்கும் பொதுவானதே. ஆயினும் அரசின் பொதுக்கொள்கையோடு தொடர்புபட்ட ஆராய்ச்சியில் இது மேலும் கூர்மையடைகின்றது. அங்கு ஆராய்ச்சியின் முடிவு நூலகத்தில் உறங்கிக் கிடப்பதில்லை. அது சட்டமாகின்றது; வரவு செலவுத் திட்டத்தில் ஓர் இலக்கமாகின்றது; ஒரு குடும்பத்துக்குக் கிடைக்கும் அல்லது கிடைக்காது போகும் உதவிப்பணமாகின்றது.

பிறருடைய வாழ்வைப் பரிசோதனைக் களமாகக் கொண்டு பொதுநன்மைக்கான அறிவைத் தேடுதல் நீதியாகுமா? ஆகுமெனின், எவ்வெல்லைகளுக்கு உட்பட்டு ஆகும்? இவ்வினாவையே இக்கட்டுரை ஆராய முற்படுகின்றது. இதற்கு ஐக்கிய அமெரிக்காவின் அனுபவத்தை எடுத்துக்கொள்வதற்குக் காரணம் உண்டு. அரசியல் வாதங்களை ஆராய்ச்சியின் துணைகொண்டு தீர்த்துவிடலாம் என்னும் நம்பிக்கை அந்நாட்டில் ஆழ வேரூன்றியது. அந்நம்பிக்கை ஈட்டிய நன்மைகளும் இழைத்த தீமைகளும் அங்கு பகிரங்கமாகப் பதிவு செய்யப்பட்டும் உள்ளன. பிறருடைய அனுபவத்தினின்றும் கற்க விரும்புவோருக்கு இத்தகைய பதிவு பெரும் பேறாகும்.

2

மேற்கூறிய நம்பிக்கையின் வரலாற்றை முதற்கண் சுருக்கமாக நோக்குவோம். 1916 இல் வோஷிங்டனில் நிறுவப்பட்ட அரசாங்க ஆராய்ச்சி நிலையமே பின்னர் புரூக்கிங்ஸ் நிறுவனமாக வளர்ந்தது. படைத்துறைப் பிரச்சினைகளை ஆராயவெனத் தோன்றிய ரான்ட் நிறுவனம் 1948 இல் தனி அமைப்பாயிற்று. 1964 சனவரியிலே சனாதிபதி லின்டன் ஜோன்சன் வறுமைக்கெதிரான போரைப் பிரகடனம் செய்தார். மறு ஆண்டில், பாதுகாப்புச் செயலாளர் மக்நமாரா தமது திணைக்களத்தில் நடைமுறைப்படுத்திய திட்டமிடல், பாதீட்டு முறையை ஏனைய திணைக்களங்களும் கைக்கொள்ள வேண்டுமெனச் சனாதிபதி பணித்தார். ஏவுகணையின் பயனை அளந்த கோல்கொண்டு பாலர் பாடசாலையின் பயனையும் அளக்கலாம் என்னும் எண்ணம் இவ்வாறு சிவில் நிருவாகத்துட் புகுந்தது.

இவ்வெண்ணத்துக்குத் தகுந்த முறையியல் விளக்கம் அளித்தவர்களுள் உளவியலாளர் டொனால்ட் காம்பெல் முக்கியமானவர். சீர்திருத்தங்களைப் பரிசோதனைகளாக நோக்குவது பற்றி 1969 இல் அவர் எழுதிய கட்டுரை இத்துறையில் இன்றும் எடுத்துப் பேசப்படுவது. அவரது வாதத்தின் சாரம் இதுவாகும்: ஒவ்வொரு சீர்திருத்தமும், அதனைச் செய்வோர் ஒப்புக்கொண்டாலும் ஒப்புக்கொள்ளாவிட்டாலும், விளைவு தெரியாத ஒரு பரிசோதனையே. தாம் முன்வைக்கும் திட்டம் வெற்றி பெற்றே தீரும் என அரசியல்வாதிகள் முன்கூட்டியே உறுதி கூறிவிடுவதனால், பின்னர் அதன் தோல்வியை அறிந்துகொள்ளவும் அஞ்சுகின்றனர். இதற்கு மாறாக, பிரச்சினையைத் தீர்ப்பதில் உறுதியும், தீர்க்கும் வழியைப் பொறுத்தவரை திறந்த மனமும் உடையோராய் அவர்கள் இருத்தல் வேண்டும்.

பரிசோதனையின் உயிர்நாடி எழுமாற்றுத் தெரிவு ஆகும். தொழிற்பயிற்சித் திட்டமொன்றில் தாமாக முன்வந்து சேர்ந்தோர் பின்னர் நல்ல வேலை பெற்றனர் எனின், அது பயிற்சியின் பயனா, முன்வந்தோரின் இயல்பான ஊக்கத்தின் பயனா என்பதை அறிய வழியில்லை. தகுதியுடையோர் அனைவரது பெயர்களையும் சீட்டுக் குலுக்கிப் பிரித்து, ஒரு பகுதியினருக்கு மட்டும் பயிற்சி அளித்தாலன்றி விடை தெளிவாகாது. தருக்க நோக்கில் இது குறைகாண முடியாத முறை. அறவியல் நோக்கிலோ இதில் ஒரு முள் உண்டு. உதவி பெறாத பகுதியினரும் உதவி வேண்டி நிற்போரே. அவர்கள் பெறாதிருப்பதே நமது அறிவுக்கு மூலதனமாகின்றது.

மனிதனை ஒருபோதும் வெறும் கருவியாக மட்டும் நடத்தலாகாது என்பது இமானுவேல் கான்ற் வகுத்த நெறி. மிகப் பெரும்பாலோரின் நன்மையை மிகுவிக்கும் செயலே சரியான செயல் என்பது பயன்வழிக் கொள்கையினர் நிலைப்பாடு. பொதுக்கொள்கை ஆராய்ச்சி இவ்விரண்டு நெறிகளும் மோதும் சந்தியிலே நிற்கின்றது. நூறு பேரைக் காத்திருக்க வைத்துப் பெறும் அறிவு இலட்சம் பேருக்கு உதவுமாயின் அதனைக் கைவிடுவது சரியோ? கணக்கு இலகுவானது போற் தோன்றும். அந்நூறு பேர் யாவர், அவர்களைத் தெரிந்தவர் யார், அவர்களிடம் கேட்கப்பட்டதா என்னும் கேள்விகள் எழும்போது அது இலகுவாக இருப்பதில்லை.

3

இக்கேள்விகளைக் கேளாது விட்டால் யாது நேரும் என்பதற்கு டஸ்கீகி ஆய்வு நிலையான சான்றாகும். 1932 இல் ஐக்கிய அமெரிக்கப் பொதுச் சுகாதார சேவை, அலபாமா மாநிலத்து மேக்கன் மாவட்டத்தில் ஏறத்தாழ 600 கறுப்பின ஆண்களை ஆய்வுக்கு எடுத்துக்கொண்டது. அவர்களுள் 399 பேர் சிபிலிசு நோயுற்றோர். 201 பேர் அந்நோய் இல்லாதோர். பெரும்பாலோர் வறிய விவசாயிகள். அவர்களது உடலில் கெட்ட இரத்தம் இருப்பதாகவும் அதற்குச் சிகிச்சை அளிக்கப்படுவதாகவும் அவர்களுக்குச் சொல்லப்பட்டது. முள்ளந்தண்டில் ஊசியேற்றி நீர் எடுத்த சோதனையும் சிகிச்சை என்றே கூறப்பட்டது. இலவச உணவும், இறந்தபின் அடக்கச் செலவும் வழங்கப்பட்டன. அடக்கச் செலவு வழங்கியதன் நோக்கம் பிரேத பரிசோதனைக்கு உடலைப் பெறுவதாகும். உண்மையில் நோய் தன்போக்கில் வளர்ந்து மனிதனை எவ்வாறு அழிக்கின்றது என்பதை அவதானிப்பதே ஆய்வின் குறிக்கோள்.

1940 களின் பிற்பகுதியளவில் பெனிசிலின் இந்நோய்க்குரிய மருந்தென நிலைநாட்டப்பட்டுவிட்டது. எனினும் ஆய்வு நிறுத்தப்படவில்லை; அம்மனிதருக்கு மருந்தும் வழங்கப்படவில்லை. உள்ளிருந்த ஊழியர் ஒருவர் 1966 முதல் எழுப்பிய முறையீடுகள் பலன் தராமற் போக, 1972 யூலையில் செய்தி பத்திரிகைகளுக்கு எட்டியது. அதன் பின்னரே நாற்பது ஆண்டுக்கால ஆய்வு முடிவுக்கு வந்தது. 1974 இல் காங்கிரஸ் தேசிய ஆராய்ச்சிச் சட்டத்தை நிறைவேற்றியது. அச்சட்டத்தின் கீழ் அமைந்த ஆணைக்குழு 1979 இல் வெளியிட்ட பெல்மன்ட் அறிக்கை, மனிதரை மதித்தல், நன்மை செய்தல், நீதி ஆகிய மூன்று தத்துவங்களை வகுத்தது. 1997 இல் சனாதிபதி கிளின்டன் நாட்டின் சார்பில் மன்னிப்புக் கோரினார். அப்பொழுது உயிரோடிருந்தோர் எண்மர்.

இவ்வாய்வின் குற்றம் யாது? பொய் சொன்னமை ஒரு குற்றம். எதிர்த்துக் கேட்க வலிமையற்றோரைத் தெரிந்தமை இன்னொன்று. அவற்றினும் ஆழமான குற்றம் ஒன்று உண்டு. மருந்து கிட்டிய பின்னரும் ஆய்வு தொடர வேண்டுமாயின் நோயும் தொடர வேண்டியிருந்தது. அறிவைப் பேணும்பொருட்டுத் துன்பம் பேணப்பட்டது. இல்லாமை அங்கு ஆய்வாளர் கண்டதொன்றன்று. ஆய்வாளர் காவல் செய்ததொன்று. இவ்வேறுபாட்டை நினைவிற் கொண்டு அடுத்த எடுத்துக்காட்டை நோக்குவோம்.

4

வறியோருக்கான மருத்துவ உதவித் திட்டம் அமெரிக்காவில் 1965 இல் மெடிக்கெய்ட் என்னும் பெயரில் உருவாயிற்று. ஓரிகன் மாநிலம் இதன் கீழ் நடத்திய திட்டமொன்று நிதி நெருக்கடியால் 2004 முதல் புதியோருக்கு மூடப்பட்டிருந்தது. 2008 இல் ஏறத்தாழ 10,000 பேரைச் சேர்த்துக்கொள்ள இடம் ஏற்பட்டது. பெயர் கொடுத்தவர்களோ ஏறத்தாழ 90,000 பேர். முன்வந்தோருக்கு முன்னுரிமை என்றால் செய்தி விரைவில் எட்டியவர்களுக்கே வாய்ப்பு. அதிகாரிகள் தெரிந்தெடுப்பதென்றால் செல்வாக்குக்கு இடம். ஆகவே மாநிலம் சீட்டுக் குலுக்குவதெனத் தீர்மானித்தது. பொருளியலாளரும் மருத்துவ ஆய்வாளரும் இக்குலுக்கலைப் பயன்படுத்திக் காப்புறுதியின் விளைவுகளை ஆராய்ந்தனர்.

முடிவுகள் எவருக்கும் முழு மகிழ்ச்சி தரவில்லை. காப்புறுதி பெற்றோர் மருத்துவரையும் வைத்தியசாலையையும் கூடுதலாக நாடினர். மருத்துவச் செலவினால் கடன்படுதல் குறைந்தது. மனச்சோர்வு நோய் கணிசமாகக் குறைந்தது. ஆயினும் ஏறத்தாழ ஈராண்டுக் காலத்தில் இரத்த அழுத்தம், கொலஸ்ரரோல், நீரிழிவுக் கட்டுப்பாடு ஆகியவற்றில் புள்ளிவிபரவியல் நோக்கில் உறுதியான முன்னேற்றம் காணப்படவில்லை என 2013 இல் வெளியான ஆய்வு தெரிவித்தது. காப்புறுதி கிடைத்தால் அவசர சிகிச்சைப் பிரிவுக்குச் செல்வோர் தொகை குறையும் என்ற எதிர்பார்ப்புக்கு மாறாக, அது ஏறத்தாழ 40 சதவீதம் கூடியதென 2014 இல் வெளியான ஆய்வு காட்டியது. திட்டத்தை விரிவாக்க வேண்டும் என்றோரும் வேண்டாம் என்றோரும் ஒரே ஆய்வினின்றும் தத்தமக்கு வேண்டியவற்றைப் பொறுக்கி எடுத்துக்கொண்டனர்.

இவ்வாய்வு டஸ்கீகியினின்றும் எவ்வகையில் வேறுபடுகின்றது? இங்கும் ஒரு பகுதியினர் உதவியின்றி விடப்பட்டனர். அவர்களது நிலை அளக்கப்பட்டது. ஆயினும் இங்கு இல்லாமை ஆய்வின் பொருட்டு உண்டாக்கப்பட்டதன்று. ஆய்வாளர் எவரும் இல்லாவிடினும் பெரும்பாலோர் இடமின்றித் திரும்பியே இருப்பர். இருக்கும் பற்றாக்குறையைப் பாரபட்சமின்றிப் பகிர்வதற்குக் குலுக்கல் நேரிய வழி; அறிவு அதன் உபபலன். இதிலிருந்து ஒரு நெறியை நாம் வகுத்துக்கொள்ளலாம். ஏற்கெனவே உள்ள இல்லாமையை நேர்மையாகப் பகிரும்போது விளையும் அறிவைப் பெறுதல் தகும். அறிவின்பொருட்டு இல்லாமையை உண்டாக்குதலும் நீடித்தலும் தகா.

இந்நெறி பயனுள்ளதே. எனினும் இதனோடு மனநிறைவு கொள்ளல் கூடாது. 10,000 என்னும் எண் இயற்கை விதித்த எண் அன்று. அது பாதீட்டிலே மனிதர் எழுதிய எண். அவ்வெண்ணை எழுதியோரின் பெயர்கள் குலுக்கற் பெட்டிக்குள் இடப்படவில்லை. 90,000 பேருக்கிடையே குலுக்கல் நீதியானது. அந்த 90,000 பேருக்கும் ஏனைய குடிமக்களுக்கும் இடையே அது நீதியை நிலைநாட்டவில்லை. ஆகவே குலுக்கல் ஆய்வாளரின் கையைச் சுத்தமாக்கலாம். அரசின் கையைச் சுத்தமாக்கிவிடாது. பற்றாக்குறை எங்கிருந்து வந்தது என்ற வினாவை மறைக்கும் திரையாக ஆய்வு அமைந்துவிடலாகாது. 2014 இல் ஓரிகன் இத்திட்டத்தை விரிவாக்கியபோது குலுக்கலுக்கான தேவை நீங்கியது. முன்னைய பற்றாக்குறை மாற்றக்கூடியதாகவே இருந்தது என்பதற்கு இதனைவிட வேறு சான்று வேண்டியதில்லை.

5

இல்லாமை உண்மையானதா, உண்டாக்கப்பட்டதா என்பதை யார் தீர்மானிப்பது? இதற்கு விடை காண முயன்ற வழக்கொன்று 1976 இல் ஜோர்ஜியா மாநிலத்தில் எழுந்தது. மெடிக்கெய்ட் பெறும் வறியோர் தமது சிகிச்சைச் செலவில் ஒரு சிறு பங்கைத் தாமே செலுத்த வேண்டுமென மாநில அரசு விதித்தது. சட்டம் பொதுவாக இடமளிக்காத இவ்விதிப்பு, பரிசோதனைத் திட்டம் என்ற பெயரில் மத்திய அரசின் அனுமதியைப் பெற்றிருந்தது. உதவி பெறுவோர் நீதிமன்றத்தை நாடினர். இது பரிசோதனை எனில், பரிசோதிக்கப்படுவோர் நாம். மனிதர் மீதான ஆய்வுக்குரிய பாதுகாப்பு எமக்கும் உரியது என்பது அவர்கள் வாதம். சுயாதீனமான குழுவொன்று இவ்வாய்வினால் நேரக்கூடிய ஆபத்தை மதிப்பிட வேண்டும் என நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

ஆனால் கதை அத்துடன் முடியவில்லை. 1983 இல் மத்திய சுகாதாரத் திணைக்களம் தன் ஒழுங்குவிதிகளைத் திருத்தி, பொது உதவித் திட்டங்கள் பற்றிய ஆய்வுகளை அத்தகைய மதிப்பீட்டினின்றும் விலக்களித்தது. இதற்குக் கூறப்படும் நியாயம் முற்றிலும் புறக்கணிக்கத்தக்கதன்று. சட்டமன்றம் ஓர் உதவித்தொகையைக் குறைக்கும்போது எவரிடமும் தனிப்பட்ட சம்மதம் கேட்பதில்லை. அவ்வாறிருக்க, அதே குறைப்பை ஆராய்ச்சியின் பொருட்டுச் செய்யும்போது மட்டும் ஏன் கேட்க வேண்டும் என்பதே அந்நியாயம்.

இதற்கு விடை உண்டு. சட்டமன்றம் செய்யும் குறைப்பு எல்லோருக்கும் பொதுவானது, வெளிப்படையானது, அதனைச் செய்தோரைத் தேர்தலில் விடைகூற வைக்கலாம். பரிசோதனையின் குறைப்போ சிலருக்கு மட்டும், பிறருடைய அறிவுக்காகச் சுமத்தப்படுவது. சுமை சிலருடையதாகவும் பயன் பலருடையதாகவும் இருக்கும்போது, அச்சிலரின் குரலைக் கேட்காமலிருப்பதற்கு நிருவாக வசதி தகுந்த காரணமாகாது. மருந்துப் பரிசோதனைக்கு உட்படுவோனுக்குள்ள உரிமை உதவிப்பணப் பரிசோதனைக்கு உட்படுவோளுக்கு இல்லையெனின், அங்கு தராசு நேராக நிற்கவில்லை என்பதே பொருள்.

6

ஆய்வு முடிந்ததும் ஆய்வாளன் கடமை முடிந்துவிடுகின்றதா? வறிய குடும்பங்களுக்கு உத்தரவாதமான வருமானம் வழங்கினால் அவர்கள் உழைப்பைக் கைவிடுவரோ என்பதை அறிய 1968 இல் நியூ ஜேர்சி மாநிலத்தில் ஒரு பெரும் பரிசோதனை தொடங்கிற்று. ஏறத்தாழ 1,300 குடும்பங்கள் அதில் இடம்பெற்றன. தங்கள் வருமான விபரங்கள் இரகசியமாகப் பேணப்படும் என அக்குடும்பங்களுக்கு வாக்குறுதி அளிக்கப்பட்டிருந்தது. ஆய்வு நடைபெறுகையில், சில குடும்பங்கள் பரிசோதனைப் பணத்தையும் அரச உதவிப்பணத்தையும் ஒருங்கே பெற்றிருக்கலாம் என ஐயுற்ற மாவட்ட வழக்குத்தொடுநர் ஒருவர் ஆய்வுப் பதிவேடுகளைக் கோரினார். ஆய்வை நடத்திய நிறுவனம் மாவட்டத்துக்குப் பணம் செலுத்தி விவகாரத்தைத் தீர்த்துக்கொண்டது. உண்மையைச் சொன்னமைக்காக ஒரு குடும்பம் குற்றவாளிக்கூண்டில் ஏறியிருக்கக்கூடும் என்பதை எண்ணிப் பார்த்தல் வேண்டும். வறியோனிடம் கொடுத்த வாக்கைக் காக்கும் வலிமை தனக்கு உண்டா என்பதை வாக்குக் கொடுக்குமுன் ஆய்வாளன் அறிந்திருத்தல் அவசியம்.

சியாற்றில், டென்வர் நகரங்களில் 1970 முதல் நடைபெற்ற இதேபோன்ற பரிசோதனை இன்னொரு பாடத்தைத் தருகின்றது. உத்தரவாத வருமானம் பெற்ற குடும்பங்களிடையே மணமுறிவு கூடியது என 1970 களின் பிற்பகுதியில் ஆய்வாளர் சிலர் அறிவித்தனர். இத்தகைய வருமானத் திட்டத்தை நிக்சன் அரசில் இருந்து வகுக்க உதவியவரும் பின்னர் செனற் உறுப்பினருமான டானியல் பற்றிக் மொயினிகன், 1978 இல் தமது முன்னைய நம்பிக்கை தவறென்று பகிரங்கமாக ஒப்புக்கொண்டார். 1990 இல் வேறு இரு ஆய்வாளர் அதே தரவுகளை மீளப் பகுத்து, மணமுறிவு பற்றிய முடிவை மறுத்தனர். ஆனால் அதற்குள் அத்திட்டம் அரசியல் அரங்கினின்றும் மறைந்துவிட்டது. முடிவு விரைந்து சென்றது. திருத்தம் தள்ளாடிப் பின்னால் வந்தது.

மினியாபொலிஸ் நகரில் 1981-82 இல் நடைபெற்ற பொலிஸ் பரிசோதனையும் இங்கு நினைக்கத்தக்கது. மனைவியை அல்லது துணைவியைத் தாக்கிய ஆடவரைக் கைது செய்வதா, அறிவுரை கூறுவதா, எட்டு மணி நேரம் வீட்டை விட்டு அனுப்புவதா என்பதைப் பொலிசார் தமக்கு வழங்கப்பட்ட நிறப் படிவங்களின் எழுமாற்று ஒழுங்குக்கு ஏற்பத் தீர்மானித்தனர். கடுங்காயம் விளைவித்த தாக்குதல்கள் இதிற் சேர்க்கப்படவில்லை. கைது செய்யுமாறு பெண் விடாது வற்புறுத்தினாலும் விலக்கு உண்டு. ஆயினும் குலுக்கலுக்குத் தான் உட்படுவதை அவள் அறியாள். அவளது சம்மதமும் கேட்கப்படவில்லை. 314 சம்பவங்கள் ஆராயப்பட்டன. பொலிஸ் பதிவுகளின்படி ஆறு மாதத்துக்குள் மீண்டும் வன்முறை நிகழ்ந்தது கைது செய்யப்பட்டோரிடையே 10 சதவீதம். அறிவுரை பெற்றோரிடையே 19 சதவீதம். வெளியே அனுப்பப்பட்டோரிடையே 24 சதவீதம். இம்முடிவு பத்திரிகைகளில் பெரிதும் பேசப்பட்டது. பல மாநிலங்கள் கைதைக் கட்டாயமாக்கின. அதன் பின்னர் வேறு நகரங்களில் மீளச் செய்த பரிசோதனைகள் ஒரே குரலிற் பேசவில்லை. வேலையற்ற ஆடவரைக் கைது செய்தபோது வன்முறை கூடியதாக மில்வோக்கி ஆய்வு காட்டியது.

முடிவை உடனே சொல்லியிருத்தல் தகாது என்போமா? அதுவும் எளிதன்று. ஓர் உயிரைக் காக்கக்கூடிய செய்தியை, இன்னும் ஐந்து நகரங்களில் உறுதி செய்யப்படும் வரை பெட்டியில் பூட்டி வைப்பதும் ஒரு பாவமே. சொல்லுதல் குற்றமன்று, ஒரு நகரின் 314 சம்பவங்களை மனித இயல்பின் விதியென ஒலிக்க விடுதலே குற்றம். ஆய்வாளன் தன் முடிவைச் சொல்லும் அதே உரத்த குரலில் அதன் எல்லையையும் சொல்லக் கடமைப்பட்டவன். அடிக்குறிப்பில் எழுதப்பட்ட எல்லையைச் சட்டமியற்றுவோர் வாசிப்பதில்லை.

7

இதுவரை கூறியவை ஆய்வின் நடத்தையையும் முடிவையும் பற்றியன. அவற்றுக்கு முற்பட்டது வினா. எந்த வினாவைக் கேட்பது என்பதிலேயே அறவியற் பொறுப்பு தொடங்குகின்றது. விஞ்ஞானி தன் விழுமியங்களை ஆய்வினுள் நுழையவிடலாகாது எனக் கூறிய மக்ஸ் வெபர்கூட, எதனை ஆராய்வது என்ற தெரிவு விழுமியம் சார்ந்தது என்பதை மறுக்கவில்லை.

மேலே குறிப்பிட்ட மொயினிகன், 1965 மார்ச்சில் தொழில் திணைக்களத்தின் உதவிச் செயலாளராக இருந்தபோது, கறுப்பினக் குடும்பம் பற்றிய அறிக்கையொன்றைத் தயாரித்தார். வேலையின்மையும், அடிமைமுறையின் எச்சங்களும், பாகுபாடும் குடும்ப அமைப்பைச் சிதைத்துள்ளன என்பது அவரது வாதம். தேசிய நடவடிக்கை வேண்டும் என்பதே அவரது நோக்கமுமாகும். ஆனால் அறிக்கையின் கண் குடும்பத்தின் மீதே பதிந்திருந்தது. அது பகிரங்கமானபோது, அடிபட்டவனின் காயத்தை அவனது குணக்குறைபாடாகக் காட்டுகின்றது எனப் பலர் சினந்தனர். வில்லியம் றயன் 1971 இல் வெளியிட்ட நூல், பாதிக்கப்பட்டோர் மீதே பழி சுமத்தும் இச்சிந்தனைப் போக்கைக் கடுமையாகச் சாடியது. இக்குடும்பங்கள் ஏன் இவ்வாறு உள்ளன என்று கேட்பதற்கும், இக்குடும்பத் தலைவனுக்கு வேலை மறுத்த தொழிலதிபர் ஏன் அவ்வாறு உள்ளார் என்று கேட்பதற்கும் இடையே பெரும் வேறுபாடு உண்டு. முதல் வினாவுக்கு நிதி இலகுவிற் கிடைக்கும். இரண்டாவது வினாவுக்குரியோன் தன் கதவை வினாக்கொத்துக்குத் திறப்பதில்லை. வறியோனின் வீட்டுக் கதவு மட்டுமே எப்பொழுதும் தட்டப்படுகின்றது.

எனினும் இக்கதைக்கு மறுபுறமும் உண்டு. அறிக்கைக்கு எழுந்த எதிர்ப்பைக் கண்டு அஞ்சிய ஆய்வாளர் பலர் நகர்ப்புறக் கறுப்பின வறுமையைப் பற்றி நேர்மையாக எழுதுவதையே தவிர்த்தனர் எனச் சமூகவியலாளர் வில்லியம் ஜூலியஸ் வில்சன் 1987 இல் குறைகூறினார். அவரும் ஒரு கறுப்பினத்தவர். அம்மக்களின் துயரைக் குறைக்க விரும்பியவர். ஆய்வாளர் மௌனம் சாதித்த இடத்தை அக்கறையற்றோரின் விளக்கங்கள் நிரப்பின என்பது அவர் கவலை. தவறான வினாவினால் மனிதர் காயப்படுவது உண்மை. கேட்கப்படாத வினாவினாலும் அவர்கள் காயப்படுவர். ஆகவே ஆராய்ச்சியைத் துறத்தல் இப்பிரச்சினைக்குத் தீர்வாகாது.

8

முடிவாகச் சில கூறலாம். அறியாமையில் இயற்றப்படும் கொள்கையும் மனிதர் மீதான பரிசோதனையே; பதிவேடும் சம்மதமும் இல்லாத பரிசோதனை. காம்பெல் கூறிய இவ்வுண்மையை நாம் மறுக்கவில்லை. ஆகவே ஆராய்தல் தகுமா என்ற வினாவுக்கு நமது விடை, தகும் என்பதே. ஆனால் அவ்விடையோடு ஒரு கடனும் சேர்ந்தே வருகின்றது. ஆராயப்படுவோன் தன் வாழ்வின் ஒரு பகுதியை நமக்குத் தருகின்றான். அது கொடையன்று, பெரும்பாலும் அவன் தேவையின் நெருக்கடியிற் கொடுத்தது. அதனைப் பெற்றுக்கொண்டவன் கடன்பட்டவன் ஆகின்றான்.

அக்கடன் எவ்வாறு தீர்க்கப்படும்? அறிவின்பொருட்டு எவரையும் இல்லாமையில் நிறுத்தாதிருத்தலும், கொடுத்த வாக்கைக் காத்தலும், முடிவோடு அதன் எல்லையையும் சொல்லுதலும் அதன் பகுதிகள். இவை சட்டத்தாலும் மேற்பார்வைக் குழுக்களாலும் ஓரளவு உறுதி செய்யத்தக்கவை. எஞ்சிய பகுதி எந்த ஒழுங்குவிதிக்குள்ளும் அடங்காதது. தான் எழுதியதை ஆராயப்பட்டவன் வாசித்தால், அதில் தன் பிழைகள் எழுதப்பட்டிருந்தாலும், இது நான்தான், என்னை மனிதனாகவே கண்டிருக்கின்றார்கள் என்று அவனால் சொல்ல முடியுமா என ஆய்வாளன் தன்னையே கேட்டுக்கொள்வதே அப்பகுதியாகும். மேக்கன் மாவட்டத்து 600 பேரைப் பற்றியும் மருத்துவ சஞ்சிகைகளில் கட்டுரைகள் பல வெளிவந்தன. தம்மிடம் மறைக்கப்பட்ட உண்மை அங்கு அச்சிடப்பட்டிருந்ததை அவர்கள் அறியார். அக்கட்டுரைகளை வாசித்த அறிஞர்களுள் மிகப் பலர் பிழையெதனையும் காணவில்லை.

வினாக்கொத்தைக் கையிலேந்தி அறிமுகமற்ற வீட்டின் வாயிலில் முதன்முதலாக நிற்கும் மாணவனுக்கும் மாணவிக்கும் இக்கடன் உரியதே. கதவு திறக்கப்படுகின்றது, இருக்கை தரப்படுகின்றது, வருமானம், நோய், பிள்ளைகளின் படிப்பு என ஒவ்வொன்றாகக் கேட்கிறோம், அவர்களும் சொல்கின்றனர். எழுந்து வெளியேறும்போது நாம் எதனைப் பெற்றுச் செல்கின்றோம் என்பது நமக்குத் தெரியும். அவர்களுக்கு எதனைத் திருப்பிக் கொடுக்கப் போகின்றோம் என்பதை அறிந்த பின்னரே அவ்வாயிலுக்குச் செல்லுதல் முறையாகும்.